ரேடியேட்டருக்குப் போர் தண்ணீர் வேண்டாம்

காரும் கைச்செலவும் – 11

சென்ற வாரம் என்ஜின் ஆயிலைப் பற்றிப் பேசும்போது, போகிறபோக்கில் கூலன்ட் என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு பலர் கேட்டது ஒரே கேள்விதான். “நம்ம ஊரில் என்ன பனியா கொட்டுது? மார்கழியிலேயே தண்ணி உறையறதில்லை. அப்புறம் எதுக்குக் காசு கொடுத்து கூலன்ட் வாங்கணும்? போர் தண்ணியை ஊத்தினா ஆகாதா?”

நியாயமான கேள்வி. நாற்பது வருடங்களுக்கு முன்னால் கேட்டிருந்தால் “ஊற்றுங்கள், பரவாயில்லை” என்றே சொல்லியிருப்பேன். இப்போது சொல்ல மாட்டேன். காரணம், அன்றைய வண்டி வேறு, இன்றைய வண்டி வேறு.

அம்பாசடர் வைத்திருந்த வீடுகளில் டிக்கியில் எப்போதும் ஒரு தண்ணீர் கேன் கிடக்கும். மலை ஏறும்போது பாதி வழியில் ஓரங்கட்டி, பானெட்டைத் தூக்கி வைத்து, ஆவி அடங்கக் காத்திருந்து, பக்கத்து ஓடையிலிருந்துகூடத் தண்ணீர் மொண்டு ஊற்றுவார்கள். வண்டி ஒன்றும் சொல்லாமல் கிளம்பும். அந்த என்ஜினின் பிளாக், ஹெட் இரண்டுமே வார்ப்பிரும்பு. ரேடியேட்டர் செம்பும் பித்தளையும். உள்ளே துரு பிடித்தாலும் அரித்துத் தீர்க்க நிறைய இரும்பு இருந்தது. குழாய்கள் அடைத்துக்கொண்டால் ரேடியேட்டர் பட்டறைக்காரர் மேல் டேங்கைக் கழற்றி, ஒவ்வொரு குழாயிலும் கம்பி விட்டு அடைப்பெடுத்து, ஈயம் பற்றவைத்துக் கொடுத்துவிடுவார். உத்தர்பாரா ஆலையில் 2014-இல் அம்பாசடர் உற்பத்தி நின்றுபோனது. அதற்கு ஊற்றிய தண்ணீரை மட்டும் நாம் இன்னும் ஊற்றிக்கொண்டிருக்கிறோம்.

இன்றைக்கு உங்கள் வாசலில் நிற்கும் காரின் ஹெட் அலுமினியம். பல என்ஜின்களில் பிளாக்கும் அலுமினியம்தான். ரேடியேட்டரின் குழாய்கள் மெல்லிய அலுமினியத் தகடு, இரு பக்க டேங்குகள் பிளாஸ்டிக். எடை குறைய வேண்டும், மைலேஜ் கூட வேண்டும் என்பதற்காக வந்த மாற்றங்கள் இவை, நல்ல மாற்றங்களும்கூட. ஆனால் இதில் கம்பி விட முடியாது, ஈயம் வைக்கவும் முடியாது. அரித்தால் ஓட்டைதான், ஓட்டை விழுந்தால் பெரும்பாலும் புதிய ரேடியேட்டர்தான்.

போர் தண்ணீரில் இருக்கும் உப்பு இரண்டு விதமாக வேலையைக் காட்டும். சுண்ணாம்பும் மக்னீசியமும் சூடு அதிகமான இடத்தில் படியும். என்ஜினில் அதிகச் சூடு எங்கே? ஹெட்டுக்குள், எக்ஸாஸ்ட் வால்வைச் சுற்றி. அங்கே ஒரு மெல்லிய படலம் படிந்தாலே உலோகத்திலிருந்து தண்ணீருக்குச் சூடு இறங்குவது குறைந்துவிடும். டேஷ்போர்டு முள் நடுவில் அசையாமல் நிற்கும், ஏனென்றால் அது காட்டுவது தண்ணீரின் சூட்டை. வால்வின் அருகே உலோகம் வெந்துகொண்டிருப்பது அதற்குத் தெரியாது. இன்னொன்று குளோரைடு. கடலோர ஊர்களின் நிலத்தடி நீரில் இது அதிகம். அலுமினியத்தின் மேல் இயற்கையாக இருக்கும் பாதுகாப்புப் படலத்தைத் துளைத்து, ஊசி குத்தியதுபோல் சிறு குழிகளைத் தோண்டும். இரும்பும் அலுமினியமும் ஒரே உப்புத் தண்ணீரில் நனைந்து கிடந்தால் மின்வேதி அரிப்பும் சேர்ந்துகொள்ளும். அதில் கரைவது அலுமினியம்.

கூலன்ட் என்பது எத்திலீன் கிளைக்கால் என்ற திரவமும் தண்ணீரும் ஏறக்குறைய பாதிக்குப் பாதி கலந்தது, அதோடு அரிப்பைத் தடுக்கும் ரசாயனங்கள். சூட்டைச் சுமந்து செல்வதில் இந்தக் கலவையைவிட வெறும் தண்ணீரே கெட்டிக்காரத் திரவம். அதை ஒப்புக்கொண்டுதான் ஆக வேண்டும். குளிர்நாட்டுக்காரர்கள் கிளைக்காலைச் சேர்ப்பது உறையாமல் இருக்க. நமக்கு அது தேவையில்லை என்பதும் சரி. நமக்கு வேண்டியது மற்ற இரண்டு: உலோகம் அரிக்காமல் இருப்பதும், கொதிநிலை உயர்வதும். மூடியின் அழுத்தம் ஒரு பார் என்று வைத்துக்கொண்டால் வெறும் தண்ணீர் 120 டிகிரி செல்சியஸில் கொதிக்கும், பாதிக்குப் பாதி கூலன்ட் ஏறக்குறைய 129 டிகிரிவரை தாங்கும். சித்திரை வெயிலில் ஐந்து பேரும் சாமான்களும் ஏசியுமாகக் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது, அந்த ஒன்பது டிகிரிதான் உங்கள் கையிருப்பு.

அப்படியானால் தண்ணீரே கலக்காமல் ஊற்றினால் இன்னும் நல்லதா? இல்லை. அடர் கிளைக்கால் சூட்டைச் சரியாகக் கடத்தாது, என்ஜின் கூடுதலாகச் சூடேறும். கடையில் இரண்டு விதமாக விற்கிறார்கள். ‘ரெடி டு யூஸ்’ என்று போட்டிருந்தால் அப்படியே ஊற்றலாம். ‘கான்சன்ட்ரேட்’ என்றால் கேனில் சொல்லியிருக்கும் அளவுக்கு டிஸ்டில்டு வாட்டர் கலக்க வேண்டும். பேட்டரிக் கடையில் கிடைக்கும் அதே தண்ணீர்தான். நிறத்தை நம்பி வாங்காதீர்கள். பச்சை, சிவப்பு, நீலம் எல்லாம் சாயம். ஒரே நிறத்தில் வெவ்வேறு ரசாயனங்கள் வருகின்றன, பொருந்தாத இரண்டு கலந்தால் அரிப்புத் தடுப்பு கெடும், சில நேரம் கூழாகத் திரண்டு குழாயை அடைக்கும். காரோடு வந்த கையேட்டில் என்ன வகை, எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை என்று அச்சிட்டிருக்கும். பழைய வகை என்றால் இரண்டு வருடம் அல்லது 40,000 கிலோமீட்டர் என்பது பொதுவான கணக்கு. நீண்ட ஆயுள் வகைகள் அதைவிட அதிகம் உழைக்கும். வண்டியை அதிகம் எடுப்பதே இல்லை என்பவர்கள் வருடக் கணக்கைப் பாருங்கள். வண்டி நின்றாலும் உள்ளே ரசாயனம் தீர்ந்துகொண்டுதான் இருக்கும்.

இனி, யாரும் கண்டுகொள்ளாத ரேடியேட்டர் மூடி. அது வெறும் மூடி அல்ல, குக்கரின் வெயிட் செய்யும் வேலையைச் செய்கிறது. உள்ளே ஒரு ஸ்பிரிங், ஒரு ரப்பர் வளையம். அழுத்தம் எல்லை மீறினால் திறந்து கூலன்ட்டை பிளாஸ்டிக் டேங்குக்கு அனுப்பும். சில வருடங்களில் ஸ்பிரிங் தளரும், ரப்பர் வெடிக்கும். அழுத்தம் நிற்காவிட்டால் கொதிநிலை மளமளவென்று இறங்கும். வண்டி காரணமில்லாமல் ‘பாயில்’ ஆகிறது என்று வரும் வண்டிகளில் முதலில் மாற்றிப் பார்க்க வேண்டியது இந்த மூடியைத்தான். மூடியின் நடுவில் இன்னொரு சின்ன வால்வும் உண்டு. என்ஜின் ஆறும்போது டேங்கிலிருந்து கூலன்ட்டைத் திரும்ப உள்ளே இழுக்க வழிவிடும். அது ஒட்டிக்கொண்டால் காலையில் பானெட்டைத் திறக்கும்போது ரேடியேட்டரின் மேல் ஹோஸ் உறிஞ்சியதுபோல் சப்பையாகக் கிடக்கும். அப்படிப் பார்த்தால் ஹோஸைக் குறை சொல்லாதீர்கள். மூடியை மாற்றுங்கள், அதே அழுத்த அளவு அச்சிட்ட மூடியாகப் பார்த்து.

எனக்கு மிகவும் ஆதங்கமான விஷயம் தெர்மோஸ்டாட். “நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு சார்? கழட்டிப் போட்டுட்டேன், இனிமே ஹீட் ஆகாது” என்று சொல்லும் மெக்கானிக்குகளை எல்லா ஊரிலும் பார்க்கலாம். சேலத்தில் ஒரு பட்டறையில் இதற்கு நேர்மாறான ஒரு மனிதரைப் பார்த்தேன். வாடிக்கையாளர் தானே முன்வந்து, “தெர்மோஸ்டாட்டைத் தூக்கிடுங்கண்ணா” என்று சொல்ல, அவர் பதில் பேசவில்லை. கழற்றிய தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டி, ஸ்டவ்வில் இருந்த சட்டித் தண்ணீரில் தொங்கவிட்டார், பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டர். தண்ணீரில் குமிழி கிளம்பியது. 80 தாண்டியது, அசைவில்லை. 82-ஐ ஒட்டி வட்டத் தகடு மயிரிழை அளவு விலகியது. 90-க்கு மேல் ஏற ஏற விரல் நுழையும் அளவுக்குத் திறந்தது. “உள்ளே மெழுகு இருக்குங்க. சூட்டுல உருகிப் பெருத்துத் தள்ளுது. இது நல்லாத்தான் வேலை செய்யுது. கோளாறு வேற எடத்துல” என்றார். கோளாறு ஃபேன் ரிலேயில் இருந்தது.

தெர்மோஸ்டாட் இருப்பது என்ஜினைச் சீக்கிரம் சூடாக்கி, அந்தச் சூட்டிலேயே நிறுத்தி வைக்க. வெளியே 40 டிகிரி வெயில் என்றாலும் என்ஜினுக்கு அது குளிர்தான், அது வேலை செய்ய வேண்டியது 90-ஐ ஒட்டி. கழற்றிவிட்டால் என்ஜின் நெடுநேரம் குளிர்ந்தே ஓடும். குளிர்ந்திருக்கிறது என்று கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும். மைலேஜ் இறங்கும், ஆயிலில் கலந்த ஈரமும் பெட்ரோலும் ஆவியாகாமல் தங்கி ஆயிலைக் கெடுக்கும், தேய்மானம் கூடும். இதையெல்லாம்விட, சில என்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதுதான் பைபாஸ் வழி மூடும். அதைக் கழற்றினால் கூலன்ட்டில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் சுற்றிக்கொண்டிருக்கும். மலை ஏற்றத்தில் அந்த வண்டிதான் முதலில் சூடாகும்.

இதன் உடன்பிறப்பு, ஃபேனை ‘டைரக்ட்’ பண்ணுவது. சாவியைத் திருப்பியதும் ஃபேன் ஓடத் தொடங்கும்படி ஒயர் கொடுத்துவிடுவார்கள். கோளாறு சென்சாரிலா ரிலேயிலா என்று தேடும் அரை மணி நேரத்தை மிச்சப்படுத்த, மோட்டாரின் ஆயுளைச் செலவழிக்கிறார்கள். அனுமதிக்காதீர்கள். நீங்களே ஓரளவு கண்டுபிடிக்கலாம். சிக்னலில் நிற்கும்போது மட்டும் சூடாகி, ஓடத் தொடங்கியதும் முள் இறங்கினால் ஃபேன் பக்கம் சந்தேகப்படுங்கள். நகருக்குள் ஒழுங்காக இருந்து, பைபாஸில் வேகமெடுத்தால் சூடாகிறதென்றால் ரேடியேட்டர் அடைப்பு, வாட்டர் பம்ப், சரியாகத் திறக்காத தெர்மோஸ்டாட். மெக்கானிக்கிடம் “வண்டி ஹீட் ஆகுது” என்று மட்டும் சொல்லாமல் இந்த வித்தியாசத்தைச் சொன்னால் பாதி வேலை முடிந்தது.

நீங்கள் செய்ய வேண்டியது அதிகமில்லை. வாரத்தில் ஒரு நாள், காலையில் வண்டியை எடுக்கும் முன், என்ஜின் ஆறியிருக்கும்போது பானெட்டைத் திறந்து பிளாஸ்டிக் டேங்கில் அளவு இரண்டு கோடுகளுக்கும் நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்தால் எங்கோ கசிகிறது. ஹோஸ் கிளாம்ப் ஓரங்களிலும் வாட்டர் பம்ப்பின் அடியிலும் உப்புப் பூத்ததுபோல் வெள்ளையாகவோ சாய நிறத்திலோ காய்ந்த தடம் இருந்தால் அதுதான் இடம். தடமே இல்லாமல் குறைந்தால் கவனம் தேவை: ஹெட் கேஸ்கெட் வழியாக என்ஜினுக்குள் போகிறதோ என்னவோ. சூடான பின்னும் சைலன்சரில் வெள்ளைப் புகை, அதில் ஒரு இனிப்பு வாடை என்றால் தள்ளிப்போடவே கூடாது. ரேடியேட்டருக்கு முன்னால் பூச்சியும் சேறும் அப்பியிருந்தால் குழாய்த் தண்ணீரை மெதுவாக விட்டுக் கழுவுங்கள். வாட்டர் வாஷ் கடையின் வேகப் பீச்சலை அதன் பக்கம் காட்டக் கூடாது, இதழ்கள் மடங்கிக் காற்றுப் புகாது.

வழியில் முள் ஏறினால் ஏசியை நிறுத்துங்கள், ஹீட்டரை முழு வேகத்தில் திருப்புங்கள். வெந்து போவீர்கள், ஆனால் என்ஜின் சூட்டில் கொஞ்சம் காருக்குள் இறங்கும். முதல் பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள். பல சிறிய கார்களில் இப்போது முள்ளே இல்லை, சிவப்பு விளக்கு மட்டும்தான். அது எரிந்தபின் ‘இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே’ என்று ஓட்டியவர்கள்தான் ஹெட் வேலைக்கு வருகிறார்கள். கூலன்ட் முழுக்க வெளியே போயிருந்தால் சென்சார் காற்றில் தொங்கும், முள் இறங்கியதுபோலக்கூடக் காட்டும். அதை நம்பி ஏமாந்துவிடாதீர்கள். மூடியில் கை வைக்கவே கூடாது. திறந்த கணம் உள்ளிருப்பது கொதித்துப் பீறிட்டு முகத்தில் அடிக்கும். ஒரு மணி நேரமாவது ஆறட்டும். அதன்பின் கையில் கூலன்ட் இல்லையென்றால் குடிதண்ணீர் பாட்டிலை ஊற்றிப் பட்டறைவரை போகலாம், தவறில்லை. போனதும் அதை வடித்து, சரியான கூலன்ட் ஊற்றி, காற்று வெளியேற்றச் சொல்லுங்கள். ஏர் லாக் நின்றால் புதுக் கூலன்ட்டும் பயன்படாது.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஒரு சிறிய காருக்கு நான்கைந்து லிட்டர் கூலன்ட்டும் கூலியும் ஒரு குடும்பம் ஓட்டலில் சாப்பிட்டு எழும் தொகைக்குள் முடியும், அதுவும் சில வருடங்களுக்கு ஒருமுறை. ஹெட் கேஸ்கெட் போனால் ஹெட்டை இறக்க வேண்டும், வளைந்திருக்கிறதா என்று லேத்தில் பார்த்து ஃபேஸிங் போட வேண்டும், கேஸ்கெட், பல வண்டிகளில் புதிய ஹெட் போல்ட், ஆயில், ஃபில்டர், பல நாள் கூலி. அளவுக்கு மீறி வளைந்திருந்தால் ஃபேஸிங்கும் உதவாது, ஹெட்டையே மாற்ற வேண்டும். பழைய கார்களை அந்த பில்லைப் பார்த்துவிட்டு அப்படியே காயலான் கடைக்கு அனுப்பியவர்களும் உண்டு. நல்ல கதவு, நல்ல சீட், நல்ல கியர்பாக்ஸோடு போன வண்டிகள் அவை.

வடித்த பழைய கூலன்ட்டைத் தெருவிலோ சாக்கடையிலோ ஊற்றவே கூடாது. எத்திலீன் கிளைக்கால் விஷம், சுவையோ இனிப்பு. தெருநாய் நக்கினால் சிறுநீரகம் செயலிழந்து செத்துப்போகும், குழந்தைகளுக்கும் அதே ஆபத்து. மீதிக் கூலன்ட்டைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வீட்டில் வைப்பதை இன்றே நிறுத்துங்கள். பட்டறையில் கேனில் பிடித்து வைக்கச் சொல்லுங்கள், வாசலில் சிந்தியிருந்தால் மணல் போட்டு ஒற்றி அள்ளிவிட்டு, மிச்சத்தை நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

அடுத்த வாரம்: பிரேக் ஆயில்.

(தொடரும்)