என்ஜினைக் குளிர்விக்கும் நானோத் திரவங்கள்

டிராக்டராயினும் நீர் இறைக்கும் டீஸல் என்ஜினாயினும், எரியும் எண்ணெயின் சக்தியில் ஏறக்குறைய மூன்றிலொரு பாகமே வேலையாக மாறுகின்றது. எஞ்சியதிற் பெரும்பகுதி உஷ்ணமாகிப் புகைக்குழாய் வழியாகவும், என்ஜினைச் சுற்றியோடும் நீரின் வழியாகவும் வெளியேறும். டிராக்டரில் இந்நீர் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிற் புகுந்து, விசிறிக் காற்றினால் ஆறி, மீண்டும் என்ஜினுக்குச் செல்கின்றது. இதில் குறை நேரிட்டால் பிஸ்டன் இறுகி என்ஜின் நின்றுவிடும். உழவுப் பருவத்தில் அதனால் விளையும் நஷ்டம் நிலச்சுவான்தார்கள் அறியாததன்று. ஆகையால், நுண்ணிய பொடி கலந்த நானோத் திரவம் உஷ்ணத்தை வெகு விரைவில் அகற்றும் என்ற பேச்சு எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்று ஆராய்வது அவசியமாகும்.

உஷ்ணத்தைக் கடத்துவதில் செம்பு தண்ணீரைவிட 600 மடங்குக்கு மேல் வல்லது. அப்படியானால் தண்ணீரில் செம்புப் பொடியைக் கலந்தால் என்ன? இவ்வெண்ணம் புதிதன்று. ஒரு பொருளினுள் வேறொரு பொருளின் துகள்கள் கலந்திருந்தால் கடத்தும் சக்தி எவ்வளவு மாறும் என்று கணக்கிடும் முறையை ஸ்காட்லாந்து தேசத்து மாக்ஸ்வெல் 1873-ம் வருஷத்திலேயே தம் நூலில் வெளியிட்டார். ஆனால் சாதாரணப் பொடி அடியில் வண்டலாகப் படியும், குழாயை அடைக்கும், பம்பை அராவித் தேய்க்கும்.

இதற்குப் பரிகாரமாக, அமெரிக்காவில் சிக்காகோவை அடுத்த ஆர்கான் ஆராய்ச்சிச் சாலையைச் சேர்ந்த ஸ்டீபன் சாய் 1995-ல் ஒரு யோசனையை வெளியிட்டார். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்கிட்டால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். நூறு நானோமீட்டருக்குட்பட்ட துகள்கள் எளிதில் படியா. அவற்றைக் கலந்த திரவத்துக்கு நானோத் திரவம் என்று அவரே பெயரிட்டார். 2001-ல் அதே சாலையார், எத்திலீன் கிளைக்கால் என்ற திரவத்தில் கன அளவில் நூற்றுக்கு 0.3 பங்கு செம்புத் துகளைக் கலந்ததில், கடத்தும் சக்தி நூற்றுக்கு 40 வரை உயர்ந்ததாக அறிவித்தனர். சென்னை ஐ.ஐ.டி.யிலும் இவ்வாராய்ச்சி ஊக்கமாக நடைபெற்றது.

மாக்ஸ்வெல் கணக்குப்படி அவ்வளவு உயர்வு வரக்கூடாது. ஆகவே உலகெங்குமுள்ள முப்பதுக்கு மேற்பட்ட ஆராய்ச்சி நிலையங்கள் ஒரே மாதிரித் திரவங்களைத் தனித்தனியே சோதித்தன. 2009-ல் முடிவு வெளியாயிற்று. சோதித்த திரவங்களில் அதிசயமான உயர்வு ஒன்றுமில்லை. பழைய கணக்கை ஒட்டியே எல்லாம் அமைந்திருந்தன.

அக்கணக்கை டிராக்டருக்குப் பொருத்திப் பார்க்கலாம். பத்து லிட்டர் நீரில் நூற்றுக்கு ஒரு பங்கு அலுமினாத் துகள் என்றால் 100 மில்லிலிட்டர். நீரைப்போல் சுமார் நான்கு மடங்கு கனமாகையால் ஏறக்குறைய 400 கிராம். இவ்வளவும் இட்டால் கடத்தும் சக்தி நூற்றுக்குச் சுமார் 3 உயரும். நீரின் வழவழப்பும் குறைந்தபட்சம் நூற்றுக்கு 2½ கூடும். துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் இன்னும் கூடும். பம்பு அதிகம் உழைக்க வேண்டும்.

இதனினும் முக்கியமான விஷயம் ஒன்றுண்டு. ரேடியேட்டரில் உஷ்ணம் தயங்குமிடம் நீரன்று, காற்றே. குழாயிலிருந்து காற்றுக்கு உஷ்ணம் செல்வதே எல்லாவற்றிலும் மெதுவானது. கடைமடை மதகு குறுகலாயிருக்கத் தலைமதகை அகலப்படுத்துவது போன்றதே நீரை மட்டும் சீர்திருத்துவது.

நானோத் துகள்கள் எங்கும் உதவா என்பதன்று. சில ஒலிபெருக்கிகளில் இரும்பு ஆக்ஸைடு நுண்துகள் கலந்த எண்ணெய், காந்தத்தால் தன்னிடத்தில் நிறுத்தப்பட்டு, சூடாகும் கம்பிச்சுருளைக் குளிர்விக்கிறது. ஓடாத திரவம், சிறிய இடம், விலையும் தாங்கும். டிராக்டரின் நிலைமை வேறு.

அறுவடைக் காலத்தில் ரேடியேட்டரின் தகடுகளிடையே பதரும் தூசியும் அடைத்துக்கொள்வதே பெரும்பாலும் என்ஜின் சூடேறக் காரணம். என்ஜினை நிறுத்தி ஆறவிட்டு, விசிறியின் பக்கமிருந்து வெளிப்புறமாகக் காற்றையோ மெல்லிய நீரையோ செலுத்திப் பதரை நீக்க வேண்டும். வேகமாக நீர் பாய்ச்சினால் தகடுகள் மடங்கும். உப்பும் சுண்ணாம்பும் மிகுந்த கிணற்று நீரை உள்ளே ஊற்றுவதும் கெடுதலே. சுண்ணாம்புப் படிவம் வார்ப்பிரும்பில் சுமார் இருபதிலொரு பங்கே உஷ்ணத்தைக் கடத்தும். தயாரிப்பாளர் குறித்த குளிர்விப்புத் திரவமும், அதனுடன் கலக்கக் காய்ச்சி வடித்த நீருமே போதுமானவை.