டி-ஷர்ட் கொடுத்தால் கோட் வருமா? ஓப்பன் சோர்ஸுக்குத் தன்னார்வலர்கள் வருவது எப்படி?

2020 அக்டோபர் 1. ஓப்பன் சோர்ஸ் மென்பொருட்களைப் பராமரிக்கும் பலர் அன்று கிட்ஹப்பைத் திறந்தபோது, புல் ரிக்வெஸ்ட்டுகள் குவிந்து கிடந்தன. உதவிக்கு ஆள் கிடைக்காமல் தவிப்பவர்களுக்கு இது நல்ல செய்திதானே? இல்லை. பல ரிக்வெஸ்ட்டுகள், ரீட்மீ கோப்பில் 'அமேசிங் ப்ராஜெக்ட்' என்று ஒரு வரி சேர்த்தவை, அவ்வளவுதான்.

என்ன நடந்தது?

டிஜிட்டல் ஓஷன் நிறுவனம் 2014 முதல் ஒவ்வோர் அக்டோபரிலும் 'ஹேக்டோபர்ஃபெஸ்ட்' நடத்துகிறது. அந்த ஆண்டு விதி எளிது: 4 புல் ரிக்வெஸ்ட் அனுப்பினால் டி-ஷர்ட். எப்படி அனுப்புவது என்று ஓர் இந்திய யூடியூப் வீடியோ செய்து காட்ட, பலர் அதை அப்படியே காப்பி அடித்தார்கள். அதையெல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்து மூடியது, சம்பளமில்லாமல் வேலை பார்ப்பவர்கள்தான். அக்டோபர் 3-ஆம் தேதியே விதி மாறியது: விரும்பிச் சேரும் ப்ராஜெக்ட்டுகள் மட்டுமே கணக்கில் வரும். 2023-இல் டி-ஷர்ட்டே நின்றுபோனது.

அப்போ பரிசு கொடுப்பது தப்பா?

தப்பில்லை. 2005-இல் தொடங்கிய 'கூகுள் சம்மர் ஆஃப் கோட்' பணமே தருகிறது. ஆனால் அங்கே எண்ணிக்கைக்குப் பணம் இல்லை. ஒரு குறிப்பிட்ட வேலை, சில வாரங்கள், கூடவே வழிகாட்டி. எதை எண்ணுகிறோமோ அதுதான் வந்து சேரும்.

உங்கள் ப்ராஜெக்ட்டுக்கு ஆள் வேண்டுமா?

முதலில் வாசலைச் சரிசெய்யுங்கள். புதியவர் ஒருவர் உங்கள் கோடை தன் லேப்டாப்பில் ஓட்டிப் பார்க்கவே ஒரு நாள் ஆகிறது என்றால், மறுநாள் அவர் வரமாட்டார்.

சின்ன வேலைகளைத் தனியாக ஒதுக்கி, 'குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ' என்று குறியிடுங்கள். எந்தக் கோப்பில் தொடங்கலாம் என்று இரண்டு வரி எழுதுங்கள். அரை மணி நேரத்தில் நீங்களே முடிக்கக்கூடியதுதான், ஆனாலும் விட்டுவையுங்கள்.

சீக்கிரம் பதில் சொல்லுங்கள். 'பார்த்தேன், ஞாயிற்றுக்கிழமை விரிவாகச் சொல்கிறேன்' என்றாலே போதும்.

கோட் எழுதாதவர்களையும் அழையுங்கள். ஆவணம், மொழிபெயர்ப்பு, டிசைன், பிழையைச் சோதித்து உறுதிசெய்வது எல்லாமே பங்களிப்புதான்.

இது ஏன் முக்கியம்?

2024 மார்ச்சில், லினக்ஸ் கணினிகளில் பரவலாக இருக்கும் 'எக்ஸ்இசட்' என்ற கருவிக்குள் யாரோ ரகசியப் பின்வாசல் வைத்திருந்தது தெரியவந்தது. அதைப் பல ஆண்டுகளாகப் பராமரித்தவர் கிட்டத்தட்ட தனி ஆள், களைத்துப் போனவர். அந்த மர்ம நபர் சுமார் 2 ஆண்டுகள் 'தன்னார்வலராக' உதவி செய்து அவரது நம்பிக்கையைப் பெற்றிருந்தார். லாகின் அரை நொடி தாமதமாவதை ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற மைக்ரோசாஃப்ட் பொறியாளர் கவனித்ததால்தான் அது பிடிபட்டது. கண்காணிக்க இன்னும் நாலு பேர் இருந்திருந்தால், ஒரே ஆளை ஏமாற்றுவது போல அத்தனை பேரையும் ஏமாற்றுவது சுலபமாக இருந்திருக்காது.

நீங்கள் பங்களிக்க நினைக்கிறீர்களா?

ரெஸ்யூமேக்காக என்றாலும் பரவாயில்லை. ஆபீஸில் தினமும் பயன்படுத்தும் ஒரு கருவியைத் தேர்ந்தெடுங்கள். அதில் யாரோ பதிவுசெய்த ஒரு பிழை உங்கள் கணினியிலும் வருகிறதா என்று சோதித்து, எந்த வெர்ஷனில், எப்படி வந்தது என்று எழுதுங்கள். ஒரு வரி கோட் கூட வேண்டாம். அந்தப் பக்கம் இருப்பவருக்கு ஒரு மாலை நேரம் மிச்சமாகும்.