பல்கலைக்கழக மின்னஞ்சல், நாள்காட்டி மென்பொருள் மதிப்பீடு: திருவரங்க வைகுண்ட ஏகாதசியை முன்வைத்து

மின்னஞ்சலும் நாள்காட்டியும் இணைந்த மென்பொருளைப் பல்கலைக்கழக வளாகத்திற்குத் தெரிவு செய்யுங்கால் சேமிப்பளவு, கட்டணம், பாதுகாப்பு ஆகியன ஒப்பிடப்பெறுகின்றன. வட்டாரக் காலக்கணக்கை அது தாங்குமா என்னும் வினா எழுவது அரிது. திருச்சிராப்பள்ளியைப் பொறுத்தவரை அவ்வினாவே முதன்மையானது.

திருவரங்கத்தில் பரமபதவாசல் திறக்கும் வைகுண்ட ஏகாதசியன்று மாவட்டத்திற்கு உள்ளூர் விடுமுறை விடுவதும், அதற்கு ஈடாகச் சனிக்கிழமையொன்றை வேலைநாளாக்குவதும் வழக்கம். இவ்விழா 2023 டிசம்பர் 23ஆம் நாளிலும் அடுத்து 2025 ஜனவரி 10ஆம் நாளிலும் அமைந்தது. இடைப்பட்ட 2024ஆம் ஆண்டில் விழாவே இல்லை. 2025இலோ டிசம்பர் 30ஆம் நாள் மீண்டும் வந்து இருமுறையாயிற்று. 'ஆண்டுதோறும்' என்று பதிந்த விடுமுறை இங்குப் பொய்த்துவிடும். திதியைக் கணிக்கும் மென்பொருளும் முற்றிலும் தப்பாது. பிற வைணவத் தலங்கள் 2022 ஜனவரி 13ஆம் நாள் கொண்டாடிய ஏகாதசியைத் திருவரங்கம் 2021 டிசம்பர் 14ஆம் நாள், கார்த்திகையிலேயே கொண்டாடியது. இருபது நாள்களுக்கு மேல் நீளும் விழா, தைத் திருநாளோடு மோதாதிருக்க 19 ஆண்டுகளுக்கு ஒருமுறை இவ்வாறு முன்னகர்த்துவது அக்கோயில் மரபு. (19 சூரிய ஆண்டுகளும் 235 சந்திர மாதங்களும் ஏறத்தாழ நிகர் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.)

நாள்காட்டிகள் தம்முள் செய்தி பரிமாறும் 'ஐகேலண்டர்' தரம் (ஆர்.எஃப்.சி. 5545, 2009) கிரிகோரியன் கணக்கையே அடிப்படையாகக் கொண்டது. 2015இல் வந்த ஆர்.எஃப்.சி. 7529 எபிரேய, சீன நாள்காட்டிகளுக்கும் இடமளித்தது. தமிழ்ச் சூரிய நாள்காட்டிக்கு அதில் இடமில்லை. எனினும், மீள்வரு விதியின்றித் தேதிகளைத் தனித்தனியே அடுக்கும் வசதி 2009ஆம் ஆண்டுத் தரத்திலேயே உண்டு. வாங்கவிருக்கும் மென்பொருள் அவ்வசதியைப் பயனருக்குத் தருகிறதா என்பதைச் சோதித்தறிதல் வேண்டும்.

1982இல் தோன்றிய பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் இணைவுக் கல்லூரிகள் பல மாவட்டங்களில் பரவியுள்ளன. திருச்சிராப்பள்ளியின் ஏகாதசி விடுமுறை தஞ்சாவூருக்கு இல்லை. தஞ்சாவூரின் சதயவிழா விடுமுறை திருச்சிராப்பள்ளிக்கு இல்லை. ஆதலின் ஒரே நாள்காட்டியை அனைவருக்கும் விரிப்பதினும், மாவட்டவாரியாகப் பிரித்து அவரவர் இணைத்துக்கொள்ளச் செய்வதே தக்கது. தேதி மாறுமாயின் புதிய அழைப்பு அனுப்பலாகாது. பழைய பதிவின் அடையாளத்தையே தாங்கிய திருத்தம் செல்லவேண்டும். இல்லையேல் பெறுநரிடம் தேர்வுநாள் இரண்டாகத் தோன்றும்.

மின்னஞ்சலில் சிக்கல் சிறிது. 2012ஆம் ஆண்டுத் தரங்கள் தமிழ் எழுத்திலான முகவரியை ஏற்கின்றன. ஆயினும் வழியிலுள்ள வழங்கியொன்று அவற்றை ஏற்காவிடின் மடல் திரும்பிவிடும் என்பதால், தமிழ் முகவரிக்கு இணையாக உரோமன் எழுத்து முகவரியொன்றும் அதே அஞ்சற்பெட்டிக்கு வழங்கப்பெறல் வேண்டும்.