வௌவால் கடித்த பழமும் ஆஸ்பத்திரி வராந்தாவும்

மலப்புறத்திலோ கோழிக்கோட்டிலோ ஒருவருக்கு நிபா என்று மலையாளச் சேனலில் சிவப்புப் பட்டை ஓடத் தொடங்கினால், குமரி மாவட்டத்துப் புதுக்கடைச் சந்தையில் முதல் அடி ரம்புட்டானுக்கு. அடுத்தது கொய்யா. அதன்பிறகு, ஒரு பாவமும் அறியாத மட்டிப்பழம். வாங்க வந்தவர் காயைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், ‘வாவல் கடிச்சதா இருக்குமோ’ என்பார், வைத்துவிட்டுப் போய்விடுவார். சாயங்காலச் செய்தியில் களியக்காவிளைச் சோதனைச்சாவடியில் பேருந்தை நிறுத்தி நெற்றிக்கு நேரே வெப்பமானி நீட்டும் படம் வரும். ஒரு வாரம் இதே பேச்சு. பிறகு மழை, மீன் விலை, தேர்தல் என்று பேச்சு மாறிவிடும்.

2018 மே மாதத்திலிருந்து இதுதான் நடைமுறை. அந்த வருடம் கோழிக்கோடு பேராம்பிராவில் தொடங்கியது. 2019-இல் எறணாகுளம், 2021-லும் 2023-லும் மறுபடி கோழிக்கோடு, 2024-இல் இரண்டு தடவை மலப்புறம், 2025-இல் மலப்புறமும் பாலக்காடும். எல்லாமே மே மாதத்துக்கும் செப்டம்பருக்கும் இடையில். நமக்குச் சக்கையும் மாம்பழமும் ரம்புட்டானும் மாறிமாறி வரும் பருவமும் ஏறக்குறைய அதுதான். ஆகவே பயம் பழத்தின்மேல் விழுவதில் வியப்பில்லை.

கோழிக்கோடு நமக்கு 400 கிலோமீட்டருக்கு மேல் என்று சொல்லிச் சமாதானம் அடையவும் முடியாது. கேரள எல்லை சில மைல் தூரத்தில் இருக்கிறது. திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழகத்தோடு சேர வேண்டும் என்ற போராட்டத்தில் 1954 ஆகஸ்ட் 11 அன்று துப்பாக்கிச்சூடு நடந்த ஊர் புதுக்கடை; 1956 நவம்பர் 1-இல் எல்லைக்கோடு விழுந்தது. ஆனால் பெண் கொடுப்பதும் எடுப்பதும், கொத்தனார் வேலைக்குப் போவதும், பெரிய நோய் என்றால் திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜுக்கு ஓடுவதும் கோட்டைப் பார்த்து நிற்கவில்லை. களியக்காவிளையில் வெப்பமானி பிடித்தாலும் ஊரம்பு வழி, கொல்லங்கோடு வழி என்று ஆயிரம் பாதை. போதாததற்கு, நிபா உடம்புக்குள் நுழைந்து காய்ச்சலாக வெளிப்பட 4 முதல் 14 நாள் ஆகும். சிலருக்கு 21 நாள்வரை போகலாம். அதுவரை நெற்றி குளிர்ந்துதான் இருக்கும். சோதனைச்சாவடி வேண்டாம் என்று சொல்லவில்லை. அது பிடிக்கக்கூடியது கொஞ்சம்தான்.

2018-இல் என்ன நடந்தது என்று பார்த்தால் பயம் எங்கே போக வேண்டும் என்பது தெளிவாகும். ஆய்வகத்தில் உறுதியானவர்கள் 18 பேர். பரிசோதனைக்கு முன்பே இறந்த முதல் நோயாளியையும் சேர்த்தால் 19. அவர்களில் 17 பேர் இறந்தார்கள். அந்த முதல் நோயாளிக்கு மட்டும்தான் வௌவாலிடமிருந்து வந்ததாகக் கருதுகிறார்கள். மற்றவர்களுக்கு மனிதரிடமிருந்து: வீட்டில் பணிவிடை செய்தவர்கள், பேராம்பிரா தாலுகா ஆஸ்பத்திரியில் அருகில் இருந்தவர்கள், பெரும்பாலும் கோழிக்கோடு மெடிக்கல் காலேஜில் ஸ்கேனுக்கும் அட்மிஷனுக்கும் காத்திருந்த அதே வராந்தாவில் நின்றவர்கள். வேறு நோய்க்காக வந்தவர்கள், அவர்களுக்குத் துணைக்கு வந்தவர்கள். பேராம்பிராவில் அந்த முதல் நோயாளியைக் கவனித்த செவிலியர் லினி மே 21 அன்று இறந்தார். அவருக்கு இரண்டு சிறு பிள்ளைகள்.

2023-லும் அதே கதை. ஆகஸ்ட் 30-இல் ஒருவர் தனியார் ஆஸ்பத்திரியில் இறந்தார்; இன்ன நோய் என்று அப்போது தெரியவில்லை. செப்டம்பர் 11-இல் இரண்டாமவர் இறந்தபிறகே சந்தேகம் வலுத்தது. உறுதியான ஆறு பேரில் முதல் நோயாளியின் ஒன்பது வயது மகனும் மைத்துனரும் உண்டு. ஆஸ்பத்திரி ஊழியர் ஒருவரும் உண்டு. மாறாக 2019, 2021, 2024 ஆண்டுகளில் நோய் அந்தந்த ஒருவரோடு நின்றுபோனது. நிபா கொரோனாவைப்போல் தெருவில் எதிரே வருகிறவரிடமிருந்து சுலபமாகத் தொற்றுவதில்லை. எச்சில், சளி, வாந்தி, சிறுநீர், நெருங்கிய பணிவிடை, இவைதான் அதன் வழி. தொற்றினால் இறப்பு விகிதம் மிக அதிகம், தடுப்பூசி கிடையாது, நோய்க்கென்றே நிரூபணமான மருந்தும் கையில் இல்லை.

பழத்தை முடித்துவிடுவோம். பறவையோ வௌவாலோ கொத்திய, கடித்த, தரையில் விழுந்து உடைந்த பழம் வேண்டாம். பிள்ளைகளுக்கும் வேண்டாம், ஆட்டுக்கும் வேண்டாம். 1998-99-இல் மலேசியாவில் இந்த நோய் முதலில் கிளம்பியது அப்படித்தான்; பழமரத்தடியில் அடைத்திருந்த பன்றிகளின் வழியாக மனிதருக்கு வந்தது. நல்ல பழத்தைக் கழுவி, தோலுரித்துத் தின்னலாம். சக்கை, வாழைப்பழம் போன்று கனத்த தோல் உள்ளவற்றைப் பார்த்து நடுங்க ஒன்றுமில்லை. வௌவால் கூட்டம் தங்கும் மரத்தடியில் கொல்லாம்பழம் பொறுக்கப் போகிறவர்கள் கையுறை போட்டுக்கொண்டு, வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். கிணற்றுக்கு வலை கட்டுங்கள்.

அக்கானி (பதநீர்) விஷயத்தில்தான் கொஞ்சம் கவனம் கூடுதலாக வேண்டும். வங்கதேசத்தில் ஏறக்குறைய ஒவ்வொரு குளிர்காலத்திலும் நிபா வருவது ஈச்சம்பனையின் பச்சைச் சாற்றைக் காய்ச்சாமல் குடிப்பதால். இரவில் வௌவால் வந்து சாறு வடியும் இடத்தை நக்குகிறது, கலயத்தில் சிறுநீர் விடுகிறது. நம் பனையிலும் இரவு முழுக்கக் கலயம் கட்டியிருக்கிறது. கலயத்துக்குள் சுண்ணாம்பு பூசுவது அக்கானி புளித்துக் கள்ளாகாமல் இருக்க; வைரசுக்கு மருந்தாக அதை நம்ப வேண்டாம். பாளையையும் கலயத்தையும் சேர்த்து ஓலையாலோ வலையாலோ மூடிக் கட்டச் சொல்லுங்கள், அல்லது காய்ச்சிக் குடியுங்கள். நன்றாகக் கொதித்துக் கருப்பட்டியானதில் வைரஸ் பிழைத்திருக்காது. பனையேறிகளின் பிழைப்பைக் கெடுக்க இதைச் சொல்லவில்லை. ஒரு வலைத்துண்டுக்கு ஆகும் செலவு கொஞ்சம்தான்.

வௌவாலை விரட்டுவது வேறு முட்டாள்தனம். வெடி போட்டும் மரத்தை வெட்டியும் கலைத்தால் கூட்டம் சிதறி நாலு ஊருக்குப் போகும். மிரண்ட வௌவால் வைரசைக் கூடுதலாக வெளியேற்றும் என்பது ஆய்வாளர்களின் கவலை. தமிழ்நாடு உள்படப் பல மாநிலங்களின் பழந்தின்னி வௌவால்களில் நிபாவுக்கான எதிர்ப்பொருள் கண்டறியப்பட்டிருக்கிறது. ஆக அது நேற்று வந்த விருந்தாளி இல்லை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் எலி, காக்கையோடு பழந்தின்னி வௌவாலையும் சேர்த்து யாரும் கொல்லலாம் என்று வைத்திருந்த பட்டியலே 2022 திருத்தத்தில் நீக்கப்பட்டுவிட்டது. 2018-இல் நாட்டு வைத்தியர் ஒருவர் பேராம்பிராவிலிருந்து வந்த, வௌவால் கடித்த பழம் இது என்று சொல்லிக் கேமராவுக்கு முன்னால் தின்று காட்டினார். போலீஸ் அவர்மேல் வழக்குப் போட்டது. பழத்தைக் கண்டு ஓடுகிறவருக்கும் அவருக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இரண்டு பேருமே நோய் பரவும் இடத்தைப் பார்க்கவில்லை.

அந்த இடம் ஆஸ்பத்திரி. நம் ஊரில் ஒருவர் கிடப்பிலானால் பார்க்கப் போகாதது பெரிய குறை. ஆரஞ்சும் ஹார்லிக்ஸுமாக உறவு மொத்தமும் கட்டிலைச் சுற்றி நிற்கும். ஜெபக்குழு வந்து தலையில் கை வைத்து ஜெபிக்கும். அன்பில் செய்வதுதான், ஆனால் காரணம் தெரியாத காய்ச்சலோடு தலைவலி, வாந்தி, மயக்கம், பிதற்றல், வலிப்பு, மூச்சுத்திணறல் இவற்றில் ஏதாவது சேர்ந்திருந்தால், முடிவு தெரியும்வரை கூட்டிருக்க ஒருவர் மட்டும் போதும். ஆளை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டாம். அவருக்கு என்-95 முகக்கவசமும் கையுறையும் வேண்டும். நோயாளி மிச்சம் வைத்த கஞ்சியைக் குடிக்கக் கூடாது. வாந்தித் துணியை வெறுங்கையால் எடுக்கக் கூடாது. பிளீச்சிங் கரைசல் ஊற்றி, பிறகு துவைக்க வேண்டும். ஜெபத்தை வாசலில் நின்றும் செய்யலாம், ஆண்டவருக்குக் கேட்கும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நம் மாவட்டத்தில் மழைக்காலத்தில் வருகிற காய்ச்சல்களில் டெங்கு இருக்கும், எலிக்காய்ச்சல் இருக்கும், சாதாரண வைரஸ் காய்ச்சல் இருக்கும். 2018 முதல் 2025 வரை கேரளத்தில் எத்தனையோ தடவை வந்தும் தமிழ்நாட்டில் மனிதர் ஒருவருக்கு நிபா உறுதியானதில்லை. ஆகவே டாக்டர் உங்கள் காய்ச்சலைப் பார்த்ததும் நிபா என்று நினைக்கமாட்டார். நினைக்க வைக்க வேண்டியது நீங்கள் தரும் தகவல்: கடந்த மூன்று வாரத்தில் எங்கே போனேன், எந்த ஆஸ்பத்திரியில் நின்றேன், வீட்டில் வேறு யாருக்குக் காய்ச்சல், யாராவது இறந்தார்களா. 2018-இல் கோழிக்கோடு பேபி மெமோரியல் ஆஸ்பத்திரி டாக்டர்களுக்குப் பொறி தட்டியதே, ஒரே குடும்பத்தில் ஏற்கெனவே ஒரு சாவு என்ற விவரத்தால்தான். அந்த விவரம் மறைக்கப்பட்டிருந்தால் வராந்தாக்கள் இன்னும் எத்தனை பேரைக் கொண்டுபோயிருக்குமோ.

இவ்வளவு முக்கியமான உண்மையை மக்கள் ஏன் மறைக்கிறார்கள்? பயந்துதான், அதுவும் வைரசுக்கு அல்ல. வீட்டு வாசலில் தகரம் அடித்ததையும் ஸ்டிக்கர் ஒட்டியதையும் 2020-இல் பார்த்தவர்கள் நாம். வேலைக்கு வராதே என்பார்கள், பால்காரர் வரமாட்டார், பெண்ணுக்கு வந்த வரன் தள்ளிப்போகும். ஆகவே சட்டம் நோயாளியின் பக்கம் எவ்வளவு நிற்கிறது என்பதைத் தெரிந்துவைப்பதும் கை கழுவுவதுபோல ஒரு தடுப்பு வேலைதான் என்பது என் கட்சி.

வாசல் ஸ்டிக்கரை எடுத்துக்கொள்வோம். பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி உரிய அதிகாரி குறிப்பாக உத்தரவிட்டாலன்றி நோயாளி வீட்டில் நோட்டீஸ் ஒட்டக் கூடாது என்று 2020 டிசம்பர் 9 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. கொரோனா பற்றிய வழக்குதான். ஆனாலும் அடுத்த நோய்க்கு உங்கள் கையில் உள்ள வாதம் அது. நோயாளியின் பெயர், படம், முகவரியை வார்டு வாட்ஸ்அப் குழுவில் போடுகிறவர்மேல் காவல்நிலையத்தில் புகார் கொடுக்கலாம். பீதி கிளப்பும் பொய் எச்சரிக்கைக்குப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 54-ஆவது பிரிவில் ஓராண்டுவரை சிறை உண்டு.

காய்ச்சல், கேரளம் என்ற இரண்டு சொல்லைக் கேட்டதும் வாசலோடு திருப்பி அனுப்பும் ஆஸ்பத்திரி உண்டு. உயிருக்கு ஆபத்தான நிலையில் வருகிறவருக்கு முதல் சிகிச்சை தருவது அரசு, தனியார் என்ற வேறுபாடின்றி ஒவ்வொரு டாக்டரின் கடமை என்று 1989-இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. உயர்சிகிச்சைக்கு அனுப்பலாம், ஆனால் முதலுதவி கொடுத்து, எழுதிக் கொடுத்து, ஆம்புலன்சுக்குத் தகவல் சொல்லி அனுப்ப வேண்டும். கிளம்பும் முன்பே 104-ஐ அழைத்துக் கேட்டுக்கொள்வதும், 108 ஆம்புலன்ஸ்காரரிடம் சந்தேகத்தை முதலிலேயே சொல்வதும் எல்லோருக்கும் நல்லது. ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்குப் போனாலும் ஓ.பி. வரிசையில் நிற்காமல், வாசலிலேயே சொல்லி ஒதுங்கி நில்லுங்கள். மறுத்தால் நாள், நேரம், பேசியவரின் பொறுப்பு எல்லாம் குறித்துவைத்து மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநருக்கும், நாகர்கோவிலில் திங்கட்கிழமை நடக்கும் கலெக்டர் குறைதீர் கூட்டத்துக்கும் மனு கொடுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள்.

பில் விவகாரம். 2020 ஜூனில் தமிழக அரசு கொரோனாவுக்குத் தனியார் ஆஸ்பத்திரிகள் வாங்கக்கூடிய உச்சக் கட்டணத்தை நிர்ணயித்தது. தீவிர சிகிச்சைக்கு நாளுக்கு 15,000 ரூபாய். அப்படி உத்தரவு வந்ததே தெரியாமல் கொடுத்தவர்கள் பலர். புதுநோய் வரும்போது கட்டண உத்தரவு இருக்கிறதா என்று கேட்பதும், விவரமான பில் கேட்பதும் உங்கள் உரிமை. மிகையாக வாங்கினால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். கொடுத்த பணம் 5 லட்சம்வரை என்றால் கட்டணமே கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. ஆலோசனைக்கு 1915.

சாவு நேர்ந்தால்? 2020 ஏப்ரலில் சென்னையில் கொரோனாவால் இறந்த டாக்டர் சைமன் ஹெர்குலிஸின் உடலை அடக்கம் செய்யப் போனவர்களைக் கூட்டம் அடித்து விரட்டியது. நண்பரான இன்னொரு டாக்டர் நள்ளிரவில் தாமே மண் தள்ளிப் புதைக்க வேண்டியதாயிற்று. அதன்பிறகு, அறிவிக்கப்பட்ட தொற்றுநோயால் இறந்தவரின் அடக்கத்தைத் தடுப்பவருக்கு ஒன்று முதல் மூன்றாண்டு சிறை என்று தமிழக அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. கண்ணியமான அடக்கமும் அரசியல் சாசனம் தரும் வாழ்வுரிமையில் சேர்ந்தது என்றது உயர் நீதிமன்றம். நம் கல்லறைத் தோட்டத்துக் கமிட்டிகள் இதை இப்போதே தெரிந்துவைப்பது நல்லது. குடும்பத்தார் செய்ய வேண்டியது, உடலைக் குளிப்பாட்டவோ முத்தமிடவோ முனையாமல் சுகாதாரத்துறையின் முறைக்கு விடுவது. கொஞ்சம் தள்ளி நின்று முகம் பார்க்க ஏற்பாடு செய்யும்படி கேளுங்கள், கேட்பதில் தவறில்லை.

சட்டம் ஒருபக்கம் மட்டும் பேசுவதில்லை. தனிமைப்படுத்தும் உத்தரவை மீறினால் பாரதிய நியாய சன்ஹிதா 273-ஆவது பிரிவில் ஆறு மாதம்வரை சிறை. செவிலியரையோ டாக்டரையோ தாக்கினால் தொற்றுநோய்ச் சட்டத்தின் 2020 திருத்தப்படி மூன்று மாதம் முதல் ஐந்தாண்டுவரை. கொடுங்காயம் என்றால் ஏழாண்டுவரை.

ஆனால் 21 நாள் வீட்டில் இரு என்று உத்தரவிடுவது சுலபம்; அந்த நாட்களுக்குக் கூலி யார் தருவது? ஈ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ள முந்திரித் தொழிற்சாலைப் பெண்ணுக்கு, நோய்ச் சான்று வாங்கினால் கூலியில் 70 விழுக்காடு ஆண்டுக்கு 91 நாள்வரை கிடைக்கும்; பங்களிப்பு நாட்கள் குறையாமல் இருக்க வேண்டும். நெய்யாற்றின்கரைக்குத் தினமும் வேலைக்குப் போகிற கொத்தனாருக்கும் கையாளுக்கும் அதுகூட இல்லை. மூன்று வாரக் கூலியை இழப்பதா, ஒரு பாராசிட்டமாலை விழுங்கிவிட்டு காலை பஸ்ஸைப் பிடிப்பதா என்றால் அவர் எதைச் செய்வார் என்று கேட்க வேண்டியதில்லை. தனிமையில் வைக்கப்படும் கூலித்தொழிலாளிக்கு அரிசியும் பணமும் எந்தக் கணக்கிலிருந்து, எத்தனை நாளில் வரும் என்பதை நோய் வருவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். புதுக்கடைப் பேரூராட்சியின் வார்டு உறுப்பினர்களிடம் அந்த மனுவை மே மாதத்துக்கு முன்னால் கொடுக்கலாம். அடுத்த சக்கைக்காலம் அதிலிருந்துதான் தொடங்குகிறது.