பிறந்த அன்றே போட வேண்டிய ஊசி

எச்பிஎஸ்ஏஜி என்ற வரிக்கு நேரே 'ரியாக்டிவ்' என்று அச்சாகியிருக்கும். வளைகுடா வேலைக்கு எடுத்த மெடிக்கல் அத்தோடு அன்ஃபிட். கீழவாஞ்சூர், நாகூர் பக்கத்துப் பையன்களில் பலருக்குத் தங்கள் ரத்தத்தில் ஹெபடைட்டிஸ் பி இருப்பதே அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் தெரிகிறது. கண் மஞ்சளாகியிருக்காது, பசி குறைந்திருக்காது. விசா போன வேதனையில் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டுக் கடலுக்கோ துறைமுக வேலைக்கோ போய்விடுகிறார்கள். தம்பி, அதைக் கிழிக்காதே. உன் ஈரலைக் காப்பாற்றப் போவது அதுதான்.

2022 ஜூலையில் காலரா வந்தபோது காரைக்காலே தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தது. ஏ, இ வகைக் காமாலைக்கும் அந்த எச்சரிக்கை பொருந்தும். பி வகை தண்ணீரில் வராது; ரத்தத்தில், உடலுறவில், பிரசவத்தில் தாயிடமிருந்து குழந்தைக்கு வரும். சலூன் பிளேடும் பச்சை குத்தும் ஊசியும் புதிதா என்று பார்ப்பது அதனால்தான். ஒரே தட்டில் சாப்பிட்டால் ஒட்டாது.

ரத்தத்தில் சுற்றும் கிருமி ஈரலை எப்படிக் கண்டுபிடிக்கிறது? 2012இல் பெய்ஜிங்கில் வென்ஹுய் லி குழுவினர் விடை சொன்னார்கள். கொழுப்பைச் செரிக்க உதவிய பித்த உப்பு, குடலிலிருந்து ரத்தம் வழியாக ஈரலுக்கே திரும்புகிறது. அதை உள்ளே இழுத்துக்கொள்ள ஈரல் செல்லின் மேல் என்டிசிபி என்ற புரதம் இருக்கிறது. பித்த உப்புக்காகத் திறந்திருக்கும் அந்த வாசலில்தான் கிருமி தன் மேலுறையின் ஒரு நுனியைப் பொருத்தி உள்ளே போகிறது. பிறகு செல்லின் உட்கருவுக்குள் வளைய டிஎன்ஏவாகக் குடியேறிவிடும். டெனோஃபோவிர் மாத்திரை கிருமி பெருகுவதை அடக்கும். அந்த வளையத்தை நம்பகமாக அழிக்கும் மருந்து இன்னும் வரவில்லை.

அதனால் வாசலுக்கு வெளியிலேயே மறிக்க வேண்டும். தடுப்பூசியால் உருவாகும் எதிர்ப்புப் பொருள் கிருமியின் மேலுறையைப் பற்றிக்கொண்டு செல்லை அண்டவிடாது. அந்த ஊசியைப் பிறந்த அன்றே போடக் காரணம் உண்டு: பிறக்கும்போது தொற்றினால் பத்துக் குழந்தைகளில் ஒன்பதுக்கு அது நாள்பட்டு நிலைத்துவிடும். பெரியவர்களில் நூற்றுக்கு ஐந்து பேருக்குக்கூட அப்படி ஆவதில்லை.

நம் வீடுகளில் காமாலை என்றதும் கீழாநெல்லி அரைப்பார்கள். அதை நான் இகழமாட்டேன். சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன், இந்தக் கிருமியைக் கண்டறிந்த புளூம்பெர்குடன் சேர்ந்து 1988இல் 'லான்செட்' இதழில் எழுதினார்: கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் அடையாளம் மறைந்தது. ஆனால் பிற இடங்களில் நடந்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. அதை நம்பிப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. ரியாக்டிவ் வந்தவர் சாராயக் கடைப்பக்கம் போகவே கூடாது. குடி ஈரல் சுருக்கத்தை விரைவுபடுத்தும்.

2018 ஜூலை 28இல் தொடங்கிய ஹெபடைட்டிஸுக்கான தேசியத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனைகளில் இலவசம். எல்லோருக்கும் மாத்திரை தேவைப்படாது. வைரஸ் அளவையும் ஈரலையும் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார். பரிசோதனை முடிவை ஊரறியச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. சிகிச்சைப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவர் தர வேண்டும். மனைவி, பிள்ளைகள், உடன்பிறந்தோரும் பரிசோதித்துக்கொள்ளட்டும். தொற்றும் எதிர்ப்புச் சக்தியும் இல்லாதவர்களுக்கு மூன்று தவணை ஊசி போதும்.

கர்ப்பிணியாக இருந்தால் எச்பிஎஸ்ஏஜி சோதனையைக் கேட்டு வாங்குங்கள். குழந்தைக்கு முதல் ஊசி 24 மணி நேரத்துக்குள், பிறகு 6, 10, 14ஆம் வாரங்களில். தாய்க்குத் தொற்று இருந்தால் குழந்தைக்கு இம்யூனோகுளோபுலின் ஊசியும் வேண்டும். வார்டை விட்டுக் கிளம்புமுன் அட்டையில் தேதி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நர்ஸம்மாவை அப்போதே கூப்பிடுங்கள்.