சிறுநீரகம் கொடுத்தவரையும் கவனிப்போம்

 

சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு மனுக்கள் வந்தவண்ணம் இருக்கின்றன. டயாலிசிஸ் செலவு, ஆபரேஷன் செலவு, அதற்குப் பிறகு ஆயுள் முழுக்க வாங்க வேண்டிய மாத்திரைச் செலவு என்று எல்லாவற்றுக்கும் கணக்கு எழுதியிருப்பார்கள். கிட்னி கொடுப்பது யார் என்று கேட்டால், "தம்பிதான்", "உம்மாதான்" என்று ஒரே வார்த்தையில் பதில் வரும். அந்தத் தம்பிக்கு எத்தனை நாள் வேலை போகும், அந்த உம்மாவை ஆஸ்பத்திரியில் யார் பார்த்துக்கொள்வார்கள் என்ற கணக்கு மனுவில் இருப்பதில்லை.

ஆபரேஷன் தியேட்டருக்குள் இரண்டு பேர் போகிறார்கள். ஒருவர் நோயாளி. மற்றவர் அதுவரை ஒரு குறையுமில்லாமல் நடமாடிக்கொண்டிருந்தவர். இந்த இரண்டாமவரைப் பற்றித்தான் இந்த இதழில் விளக்கமாக எழுதுகிறோம்.

உடலுக்கு என்ன ஆகும்?

உயிருடன் இருப்பவரின் சிறுநீரகத்தை இன்னொருவருக்குப் பொருத்தும் சிகிச்சை முதன்முதலில் வெற்றி கண்டது 1954 டிசம்பர் 23 அன்று, அமெரிக்காவின் பாஸ்டன் நகரில். டாக்டர் ஜோசப் முர்ரே செய்த அந்த ஆபரேஷனில் ரொனால்ட் ஹெரிக் என்பவர் தன் இரட்டைச் சகோதரர் ரிச்சர்டுக்கு ஒரு சிறுநீரகம் கொடுத்தார். வாங்கியவர் எட்டு ஆண்டுகள் வாழ்ந்தார். கொடுத்தவர் 2010 வரை, அதாவது ஒற்றைச் சிறுநீரகத்துடன் 56 ஆண்டுகள் வாழ்ந்தார். நம் நாட்டில் 1971இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் இச்சிகிச்சை வெற்றிகரமாகச் செய்யப்பட்டது.

ஆக, ஒரு சிறுநீரகத்துடன் நலமாக வாழ முடியும் என்பது உண்மை. மீதமுள்ள சிறுநீரகம் சற்றுப் பெரிதாகி, கூடுதல் வேலையை ஏற்றுக்கொள்கிறது. முன்பு இரண்டும் சேர்ந்து செய்த வேலையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை அது ஒன்றே செய்துவிடும். இப்போது பெரும்பாலும் லேப்ராஸ்கோப்பி முறையில் சிறு துளைகள் வழியாக எடுப்பதால், சில நாட்களில் வீடு திரும்பலாம். உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கு நான்கு முதல் ஆறு வாரங்களில் போகலாம். மூட்டை தூக்குபவர், கொத்தனார், மீன்பிடித் தொழிலாளி போன்றவர்களுக்கு அதைவிட அதிக நாள் ஓய்வு தேவை.

"ஒரு ஆபத்தும் இல்லை" என்று சொல்வது சரியல்ல. அமெரிக்காவில் எண்பதாயிரம் கொடையாளிகளை ஆராய்ந்து 2010இல் வெளியான ஆய்வில், ஆபரேஷனை ஒட்டி இறந்தவர்கள் பத்தாயிரத்துக்கு மூன்று பேர். 2014இல் வெளியான இன்னோர் அமெரிக்க ஆய்வு, கொடையாளிக்கு ஆயுளில் எப்போதாவது சிறுநீரகம் செயலிழக்கும் வாய்ப்பு பத்தாயிரத்துக்கு 90 என்றும், அதே அளவு ஆரோக்கியமான, கொடுக்காத ஒருவருக்கு அது 14 என்றும் மதிப்பிட்டது. மிகச் சிறிய ஆபத்துதான். ஆனால் இல்லாத ஆபத்தல்ல. கனடாவில் செய்யப்பட்டு 2015இல் வெளியான ஆய்வு, கொடுத்த பிறகு கர்ப்பமான பெண்களில் 11 சதவீதம் பேருக்குக் கர்ப்பகால ரத்த அழுத்தமோ அதன் கடுமையான வடிவமோ வந்ததாகவும், மற்றப் பெண்களில் அது 5 சதவீதம் என்றும் கண்டது. பெரும்பாலோருக்குச் சுகப் பிரசவமே ஆகிறது. எனினும் மணமாகாத பெண்ணிடமோ, குழந்தை வேண்டுமென்றிருக்கும் பெண்ணிடமோ இதைச் சொல்லாமல் கையெழுத்து வாங்குவது நியாயமாகாது.

மார்க்கமும் சட்டமும்

1988இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, கொடுப்பவரின் உயிருக்கும் வாழ்வுக்கும் கேடு வராது என்ற நிபந்தனையுடன் உறுப்பு தானத்தை அனுமதித்தது. விற்பனையை அனுமதிக்கவில்லை. இதில் மாறுபட்ட கருத்துள்ள உலமாக்களும் உண்டு. எனவே தங்கள் ஊர் ஆலிமிடம் விளக்கம் கேட்டுக்கொள்வது நல்லது. ஒன்றை மட்டும் வலியுறுத்துகிறோம். ஓர் உயிரைக் காப்பது பெரும் நன்மை என்பதில் சந்தேகமில்லை. அதைச் சொல்லியே ஒருவரை நெருக்கி ஒப்புக்கொள்ள வைப்பது தர்மமாகாது. தானம் என்பது மனம் விரும்பிக் கொடுப்பது.

சட்டமும் இதையேதான் சொல்கிறது. 1994ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டப்படி 18 வயது நிரம்பியவர் தன் சுய விருப்பத்தின் பேரில் கொடுக்கலாம். கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் ஆகியோர் நெருங்கிய உறவினர். 2011 திருத்தம் பாட்டன், பாட்டி, பேரன், பேத்தியையும் சேர்த்தது. மச்சான், சாச்சா மகன், நண்பர் போன்றவர்கள் கொடுப்பதானால் அங்கீகாரக் குழு விசாரித்து அனுமதி தர வேண்டும். ரத்த வகை பொருந்தாத இரண்டு குடும்பங்கள் தங்களுக்குள் மாற்றிக் கொடுத்துக்கொள்ளவும் அதே திருத்தம் வழி செய்தது. பணத்துக்கு வாங்கினாலோ விற்றாலோ ஐந்து முதல் பத்து ஆண்டு சிறையும், 20 லட்சம் முதல் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு.

வருமானத்தில் விழும் அடி

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சிறுநீரக மாற்று சிகிச்சைக்கு இடமுண்டு. அரசு மருத்துவமனைகளிலும் செய்கிறார்கள். ஆகவே ஆபரேஷன் செலவுக்கு ஏதோ ஒரு வழி பிறந்துவிடுகிறது. கொடுப்பவர் இழக்கும் கூலிக்குத்தான் வழி இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நாளுக்கு 700 ரூபாய் கூலி, மாதம் 26 நாள் வேலை என்றால் மாத வருமானம் 18,200 ரூபாய். பரிசோதனைகளுக்கும் குழு விசாரணைக்கும் அலைவதில் ஒரு மாத வேலை, ஆபரேஷனுக்குப் பிறகு இரண்டு மாத ஓய்வு என்று வைத்துக்கொண்டாலே 54,600 ரூபாய் போய்விடும். பஸ் செலவு, உடன் வருபவரின் சாப்பாடு, தங்கும் அறை வாடகை எல்லாம் தனி. ஒரே வீட்டில் நோயாளியும் சம்பாதிக்கவில்லை, கொடுத்தவரும் சம்பாதிக்கவில்லை என்ற நிலை வரும்போதுதான் நகை அடகுக்குப் போகிறது, வட்டிக் கடன் வாசலுக்கு வருகிறது.

மத்திய அரசு ஊழியர் உறுப்பு கொடுத்தால் 42 நாள் வரை சிறப்பு விடுப்பு உண்டு என்று 2023இல் உத்தரவு வந்தது. கடைச் சிப்பந்திக்கும் ஆட்டோ ஓட்டுநருக்கும் அப்படி ஒன்று இல்லை. தனியார் காப்பீடு வைத்திருப்பவர்களும் பாலிசியைக் கவனமாகப் படியுங்கள். நோயாளியின் பாலிசி கொடையாளியின் ஆபரேஷனை ஏற்றாலும், அதற்கு முந்தைய பரிசோதனையையும் பிந்தைய சிகிச்சையையும் பல பாலிசிகள் ஏற்பதில்லை.

இங்கே பலருக்கும் தெரியாத ஒரு விஷயம் உண்டு. கிட்னி கொடுத்தவருக்குப் பணம் கொடுத்தாலே குற்றமாகிவிடுமோ என்று பயந்து, உதவி செய்ய நினைப்பவர்கள்கூட ஒதுங்கிவிடுகிறார்கள். உறுப்புக்கு விலை கொடுப்பதைத்தான் சட்டம் தடுக்கிறது. உறுப்பு கொடுத்ததால் நேரடியாக ஏற்பட்ட நியாயமான செலவையும் வருமான இழப்பையும் ஈடு செய்வதை, தடை செய்யப்பட்ட பணப் பரிமாற்றமாக அதே சட்டம் கருதுவதில்லை. 2008ஆம் ஆண்டின் இஸ்தான்புல் பிரகடனமும் இந்த வேறுபாட்டை ஏற்கிறது. கொடுத்தவர் இலாபம் அடையவும் கூடாது, கடனாளி ஆகவும் கூடாது. அவ்வளவுதான் விஷயம்.

விற்றவர்களின் கதி என்ன என்பதற்கும் நம் சென்னையே சாட்சி. அங்கே கிட்னி விற்ற 305 பேரிடம் விசாரித்த ஆய்வு ஒன்று 2002இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியானது. அவர்களில் 96 சதவீதம் பேர் கடனை அடைக்க விற்றவர்கள். விற்ற பிறகு குடும்ப வருமானம் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. கடனுக்காக விற்றவர்களில் நான்கில் மூன்று பேருக்கு ஆய்வின்போதும் கடன் இருந்தது. உடல்நலம் கெட்டுவிட்டது என்றவர்கள் 86 சதவீதம். ஆகவே புரோக்கர் யாராவது வந்து "ஒரே மாதத்தில் கடன் தீரும்" என்றால் நம்பாதீர்கள். கடன் நெருக்கடியில் இருப்பவர் முதலில் ஜமாஅத்திடம் வரட்டும்.

மனதில் நடப்பது

கொடுத்தவர்களில் பெரும்பாலோர், மறுபடி வாய்ப்பு வந்தாலும் கொடுப்போம் என்றே சொல்கிறார்கள். மஞ்சள் பூத்துக் கிடந்த முகம் தெளிந்து வருவதைக் கண்ணால் பார்க்கும் சந்தோஷத்துக்கு ஈடில்லை. அந்தச் சந்தோஷத்துக்கு அருகிலேயே வேறு சில உணர்வுகளும் இருப்பதுண்டு.

ஆபரேஷன் முடிந்ததும் எல்லோரும் நோயாளியின் கட்டிலைச் சுற்றி நிற்பார்கள். உண்மையில் முதல் சில நாட்களில் வலி அதிகம் இருப்பது கொடுத்தவருக்குத்தான். நோயாளிக்குப் பழைய நோயின் பாரம் இறங்கியிருக்கும். கொடுத்தவருக்கு இல்லாத வலி புதிதாக வந்திருக்கும். "உனக்கென்ன, நல்லாத்தானே இருந்தாய்" என்று யாராவது சொல்லிவிட்டால் மனம் நொந்துபோகும். சில வாரம் காரணமில்லாத சோர்வும் அழுகையும் தூக்கமின்மையும் வரக்கூடும். இது ஈமானின் பலவீனமும் அல்ல, கொடுத்ததற்கான வருத்தமும் அல்ல. நீடித்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டிய விஷயம்.

பொருத்திய சிறுநீரகத்தை நோயாளியின் உடல் ஏற்காமல் போவதும் உண்டு. அப்போது கொடுத்தவர் தன் உறுப்பே வீணாகிவிட்டதாக, ஒரு மவுத்து வீட்டுத் துக்கத்தை அனுபவிக்கிறார். இன்னொரு பக்கம், வாங்கியவருக்கு நன்றிக்கடன் பாரமாகிறது. மாத்திரை தவறினாலும், சாப்பாட்டில் கட்டுப்பாடு மீறினாலும் "என் கிட்னியைக் கெடுக்கிறாயே" என்ற பேச்சு வந்துவிடும். சொத்துப் பிரிவினையின்போது கொடுத்ததைச் சொல்லிக்காட்டும் வீடுகளும் உண்டு. கொடுத்துவிட்டுச் சொல்லிக்காட்டினால் தர்மத்தின் நன்மை போய்விடும் என்று நாம் படித்தது இங்கும் பொருந்தும்.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2019 முதல் 2023 வரை நம் நாட்டில் உயிருடன் உறுப்பு கொடுத்த 56,509 பேரில் 36,038 பேர் பெண்கள். உறுப்பு பெற்றவர்களிலோ பெரும்பாலோர் ஆண்கள். "அவர் சம்பாதிக்கிறவர், நீ வீட்டில்தானே இருக்கிறாய்" என்ற ஒரு வாக்கியத்தில் முடிவு செய்யப்பட்டுவிடுகிறது. வீட்டில் இருப்பவளுக்கும் தண்ணீர்க் குடம் தூக்கும் வேலை உண்டு, ஓய்வு உண்டு, பயம் உண்டு. கொடையாளி பெண்ணாக இருந்தால், அவளுடைய சுதந்திரமான சம்மதத்தை நோயாளி அல்லாத வேறொருவர் உறுதி செய்ய வேண்டும் என்று 2014 விதிகளே சொல்கின்றன.

வேண்டாம் என்று சொல்பவரையும் குற்றவாளி ஆக்காதீர்கள். மருத்துவக் குழு கொடையாளியிடம் தனியாகப் பேசும்போது தயக்கத்தைச் சொல்லிவிடலாம். "இவர் பொருத்தமானவர் அல்ல" என்று மட்டும் குடும்பத்திடம் டாக்டர் சொல்வார். காரணத்தை விளக்க மாட்டார். நோயாளிக்கு டயாலிசிஸ் இருக்கிறது. மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புக்காகத் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்தில் மருத்துவமனை வழியாகப் பதிவு செய்யும் வழியும் இருக்கிறது.

நாம் செய்ய வேண்டியது

சிறுநீரக மாற்று சிகிச்சைக்கு மனுக் கொடுக்கும் குடும்பத்தினர், கொடையாளி பற்றி ஒரு தனித்தாள் இணையுங்கள். அவருடைய தொழில், அவரை நம்பி இருப்பவர்கள், எத்தனை நாள் கூலி போகும், யார் கூட இருப்பார்கள் என்று எழுதுங்கள். கிடைக்கும் உதவி எதுவானாலும் ரசீதுடன், மருத்துவமனைக்குத் தெரிந்தே இருக்கட்டும். மறைத்துக் கொடுக்கும் பணம்தான் பின்னால் சந்தேகத்தை உண்டாக்கும்.

முதலாளிகளாக இருக்கும் சகோதரர்களே, உங்கள் கடையில் ஒருவர் சிறுநீரகம் கொடுக்கிறார் என்றால் அவருடைய இடத்தைக் காத்து வையுங்கள். திரும்பி வந்ததும் சில வாரம் பாரம் தூக்கும் வேலை கொடுக்காதீர்கள்.

கொடுத்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆண்டுக்கு ஒருமுறை ரத்த அழுத்தம், கிரியேட்டினின், சிறுநீரில் புரதம் ஆகியவற்றைச் சோதித்துக்கொள்ளுங்கள். மூட்டுவலி, தலைவலிக்கென்று மருந்துக்கடையில் நீங்களாக வலி மாத்திரை வாங்காதீர்கள். உடல் எடையும் சர்க்கரையும் கட்டுக்குள் இருக்கட்டும். புகை வேண்டாம். ரமலான் நோன்பு பற்றி முதல் ஆண்டில் டாக்டரிடம் கேட்டுவிட்டு நிய்யத் வையுங்கள்.

உறவினர்கள் நோயாளியை நலம் விசாரிக்கப் போனால், அடுத்த அறையில் படுத்திருப்பவரையும் போய்ப் பாருங்கள். ஆறு மாதம் கழித்தும் ஒருமுறை அவர் வீட்டுக் கதவைத் தட்டி, "உங்களுக்கு எப்படி இருக்கிறது?" என்று கேளுங்கள். அவருக்காகவும் பெயர் சொல்லி துஆ செய்யுங்கள். கொடுத்தவருக்கும் பெற்றவருக்கும் அல்லாஹ் நீண்ட ஆயுளையும் நிறைந்த ஆரோக்கியத்தையும் தருவானாக. ஆமீன்.