மஞ்சள் தூளில் காரீயம்: தீச்சுடர் சொல்லும் கணக்கு

மஞ்சள் தூள் விற்காத மளிகைக் கடை நம் குமணன்சாவடி, பூந்தமல்லிப் பகுதியில் இல்லை. இந்தியா, பாகிஸ்தான், நேபாளம், இலங்கை நாடுகளின் 23 நகரங்களில் எடுத்த மஞ்சள் மாதிரிகளைப் பற்றிய ஆய்வு 2024இல் வெளியாயிற்று. அதில் காரீயம் வரம்பு மீறிய நகரங்களில் பாட்னா, குவஹாத்தியோடு நம் சென்னையும் இருந்தது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு காரீயம். ஆகவே வியாபாரிகள் இதை அறிந்திருப்பது அவசியம்.

சட்டப்படி மஞ்சளில் காரீயம் கிலோவுக்கு 10 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. நம் கணக்கில் 100 கிலோவுக்கு 1 கிராம். நிறத்துக்காகச் சிலர் சேர்க்கும் லெட் குரோமேட் என்ற சாயத்தில் 64 சதவீதம் காரீயமே. 100 கிலோவில் 10 கிராம் சாயம் கலந்தாலே வரம்பைப் போல் ஆறு மடங்கு ஆகிவிடும். இதைக் கண்ணாலோ நாக்காலோ அறிய முடியாது.

ஆய்வுக்கூடத்தில் இதற்கு அணு உட்கவர் நிறமாலைமானி என்ற கருவி உண்டு. 1955இல் ஆஸ்திரேலியாவில் ஆலன் வால்ஷ் வெளியிட்ட முறை இது. தூளைச் சாம்பலாக்கி, அமிலத்தில் கரைத்து, அசிட்டிலின் சுடருக்குள் பனிபோல் தெளிப்பார்கள். சுமார் 2,300 டிகிரி வெப்பத்தில் காரீயம் தனித்தனி அணுவாகப் பிரியும். காரீயம் வைத்துச் செய்த விளக்கின் ஒளியைச் சுடர் வழியே விட்டால், அந்த அணுக்கள் அதை விழுங்கும். ஒளி எவ்வளவு குறைகிறதோ அதைக் கொண்டு காரீயத்தின் அளவு தெரியும். அளவு தெரிந்த கரைசலை முதலில் வைத்துச் சரிபார்ப்பது, தராசை முத்திரைப் படிக்கல்லால் சோதிப்பது போன்றது.

ஒவ்வொரு உலோகத்துக்கும் தனி விளக்கு. குரோமியத்தையும் அளந்து, காரீயம் நாலு பங்குக்குக் குரோமியம் ஒரு பங்கு என்று வந்தால், சாயம் கலந்திருக்கிறது என்ற சந்தேகம் வலுக்கும்.

உணவுப் பாதுகாப்பு அலுவலர் மாதிரியை நாலு பாகமாக்குவார். நாம் கேட்டால் ஒரு பாகம், நம் செலவில், அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடத்துக்குப் போகும். அதை அப்போதே கேட்க வேண்டும். அறிக்கை பாதகமாக வந்தால் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 26ஆம் பிரிவுப்படி, விற்றவர் தரும் பில்லே சரக்குக்கு உத்தரவாதம். பில் இல்லாத சரக்குக்குக் கடைக்காரரே பொறுப்பாளி ஆகிவிடுவார். மொத்த வியாபாரிகளாகிய நாமும் பில் இல்லாமல் ஒரு கிலோ கூட அனுப்பலாகாது. வாங்குகிறவர்களும் கூச்சமின்றிக் கேட்டு வாங்குங்கள். விலை மலிவாகவும் நிறம் மிகவும் பளிச்சென்றும் வரும் தூளை வாங்காதீர்கள்.